முப்பத்தெட்டுக் கொழுந்துகள்

வலது கை தோள் வரை தண்ணீருக்குள் இருக்க, கன்னத்தைத் தொட்டியின் இரும்பு விளிம்பில் அழுத்திக்கொண்டு, தருதி பாசித்தண்டின் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஜனவரி கடைசி வாரம், காலை ஒன்பது மணி. வங்காளத்தில் எங்கள் பாக்பஜார் பகுதியில் பால்காரர் முதல் தலைமையாசிரியை வரை எல்லோரும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியும் பருவம். மேலிருந்து நாலாவது கணுவைத் தாண்டி, கத்தரி வாய் திறந்தது. ஒரு நறுக்கு. வெட்டுப்பட்ட கொழுந்து மிதந்து மேலே வந்தது. அதை எடுத்துப் பக்கத்து அலுமினியக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போனார். இடையில் யார் வந்து என்ன கேட்டாலும் பதில் கிடையாது. எண்ணிக்கை தவறிவிடுமாம்.

அவர் போட்டிருக்கும் பழுப்பு ஸ்வெட்டருக்கு இடது கை மட்டும்தான் உண்டு. வலது கையை அவரே தோளோடு கத்தரித்து, பிரிந்துபோகாமல் ஓரம் தைத்துவிட்டார். "தெனமும் சுருட்டி மடிச்சு, அது நனைஞ்சு, சாயங்காலம் வரைக்கும் ஈரத்தோட திரியணும். தண்ணிக்குள்ள போற கைக்கு எதுக்கு பாபு கம்பளி?" என்பார். வெட்டிய கையை வீணாக்கவில்லை. எங்கள் பள்ளி வாயிற்காவலர் சுக்தேவின் தண்ணீர்ப் புட்டிக்கு அது உறையாகிவிட்டது.

முழுப்பெயர் தருலதா ஹல்தார். வயது ஐம்பத்து நாலு. எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். மாணவிகளுக்குத் தருமாஷி, அதாவது தரு சித்தி; மற்றவர்களுக்குத் தருதி, தரு அக்கா. நான் அதே பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தா. ராகவன் என்ற என் பெயர் இங்கே ராகப் பாபு ஆகி வெகுநாளாகிறது. ஊரிலிருந்து தம்பி போன் செய்து "ராகவா" என்றால், வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

தொட்டி நாலடி நீளம். இரும்புச் சட்டம், மக்கு வைத்து ஒட்டிய கண்ணாடி. ஒரு மூலையில் ஓயாமல் கசியும். அதற்கடியில் ஒரு மண்சட்டி வைத்திருக்கிறார். அடியில் குளத்து வண்டல், அதன்மேல் கழுவிய மணல், நடுவில் ஏழு சின்ன மீன்கள். பின்பக்கம் முழுக்க ஜாஞ்ஜி. பாடப்புத்தகம் ஹைட்ரில்லா என்று சொல்கிற அந்த நீர்ப்பாசிதான். குளங்களில் மெலிந்து நூல்நூலாகக் கிடக்கும் அந்தப் பாசி, தருதியின் தொட்டியில் மட்டும் கருவேப்பிலைக் கட்டு போல் அடர்ந்து நிற்கும். கீழ் இலை முதல் நுனி இலை வரை ஒரே பச்சை. அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வரும் ஆசிரியைகள் என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள்.

"உரமா? கத்தரி," என்பார் தருதி.

அந்தக் கத்தரிக்குக் கூட ஒரு கதை உண்டு. முதலில் என்னிடம் எழுதிக் கேட்டார். 'செடிக்கு முடி வெட்ட ஒரு கத்தரி' என்று வங்காளத்தில் எழுதிய காகிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அலுவலகக் கத்தரியைக் கொடுத்தேன். மறுநாளே மேஜைமேல் திரும்பி வந்தது. "இது காகிதம் வெட்டறது பாபு. தண்ட நசுக்குது. நசுங்கின தண்டு அழுகும்." கடைசியில் தையல் வகுப்பிலிருந்து மெல்லிய அலகுள்ள எம்பிராய்டரிக் கத்தரி ஒன்றைப் பிடித்தார். புடவைத் தலைப்பில் சாவிக்கொத்தோடு அதையும் முடிந்திருப்பார். அவர் மாடிப்படி ஏறினால் இரண்டும் மோதிக்கொள்ளும் சத்தம் முன்னால் வரும். வராந்தாவில் வம்பளக்கும் பெண்கள் அதைக் கேட்டுத்தான் வகுப்புக்குள் ஓடுவார்கள்.

வெட்டுவதில் அவருக்குத் தாட்சண்யமே கிடையாது. ஒரு தண்டு தண்ணீர் மட்டத்தைத் தொட நாலு விரல் இருக்கும்போதே தலையைக் கொய்துவிடுவார். "விட்டா இது மேல போய்ப் படுத்துக்கும். படுத்தா கீழ இருட்டு. இருட்டுல காலு சொட்டையாகும்." வெட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தாறு நாளில் இரண்டு புதுத் துளிர் கிளம்பும். அவை வளர்ந்ததும் அவற்றின் தலையும் போகும், இரண்டு நாலாகும். கொய்த தலைகளை இலை உதிர்த்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, ஒரு விரல் இடைவெளி விட்டு ஊன்றுவார். நெருக்கி நடுவதில்லை. "கும்பமேளா மாதிரி நின்னா யாருக்குப் பாபு வெளிச்சம் கெடைக்கும்?"

இடமில்லாமல் மிஞ்சும் கொழுந்துகளை எறிய அவருக்கு மனம் வராது. டிபன் பாக்ஸில் தண்ணீர் விட்டு எடுத்துக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் கொடுப்பார். சுக்தேவின் ஹார்லிக்ஸ் பாட்டில், ஹோமியோபதி டாக்டர் பட்டாசார்யாவின் காத்திருப்பு அறை, நகுல் மோதக்கின் மிட்டாய்க் கடை ஜன்னல் என்று இந்தப் பகுதியில் எங்கே ஜாஞ்ஜியைக் கண்டாலும் அது தருதியின் தொட்டிப் பிள்ளைதான். என் மேஜையிலும் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. எனக்கோ வெட்ட மனசு வராது. பச்சைப் பசேலென்று ஆசையாக வளர்கிறதே, அதன் தலையில் போய்க் கைவைப்பதா? விளைவு, உயரமாக நாலு தண்டு, உச்சியில் ஒரு கொத்து, கீழே வெறும் குச்சி. "ஒங்க ஜாடில பாக்குத் தோப்பு வெச்சிருக்கீங்களா பாபு?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார்.

இத்தனையும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக்கூடாது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பெண்ணுக்கும் நாலு விரல் நீளத்தில் ஒரு கொழுந்து கொடுக்கவேண்டும். பீக்கர் தண்ணீரில் அதை வைத்து, மேலே புனலைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய சோதனைக் குழாயைக் கவிழ்த்தால், வெட்டிய முனையிலிருந்து குமிழ் கிளம்பவேண்டும். நிமிஷத்துக்கு எத்தனை என்று அந்தப் பெண் எண்ணி எழுதவேண்டும். சோனிச் செடியென்றால் குமிழ் வராது. தருதி தேர்வுத் தேதியிலிருந்து பின்னால் எண்ணி, சரியாக மூன்று வாரம் முன்பு எல்லாவற்றையும் வெட்டுவார். தேர்வன்று எல்லாமே இளம் துளிராக இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணுக்குக்கூட குமிழ் வராமல் போனதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். "நான் எளுதாத பரிச்சைய வருசா வருசம் நான்தான பாபு பாஸ் பண்றேன்," என்று ஒருமுறை சொன்னார்.

இந்த வருஷம் அதில் கூடுதலாக ஒரு சிக்கல் சேர்ந்தது. நிர்வாகக் குழுவுக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வந்தவர் கசியும் மூலையைப் பார்த்தார், மண்சட்டியைப் பார்த்தார். இந்த இடத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வைக்கலாமே என்றார். உயிரியல் ஆசிரியை கேயாதி விடவில்லை. "பஜார் பாசி பாதிப் பேருக்குக் குமிழ் விடாது. இந்தத் தொட்டில எடுத்தது ஒண்ணுகூட இதுவரைக்கும் பொய்ச்சதில்ல சார்." செயலாளர் சிரித்தார். "அப்படின்னா இந்த வருஷம் பாத்துருவோம். ஒரே ஒண்ணு பொய்ச்சாலும் தொட்டி வெளிய போகட்டும்." கதவோரம் நின்ற தருதி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஜனவரி வெட்டு அதனால்தான் அவ்வளவு மும்முரம். முப்பத்தெட்டுப் பெண்கள். ஒன்பதே நாளில் துளிர்கள் இரட்டை இரட்டையாகக் கிளம்பிவிட்டன. அப்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது; வங்காளத்தில் அது நவராத்திரியில் இல்லை, தை மாத வசந்த பஞ்சமியன்று.

அன்று யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. புத்தகம், பேனா, ஹார்மோனியம் எல்லாம் தேவியின் காலடியில். தருதி கத்தரியைக் கொண்டுபோய் வைத்தார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் தலைப்பு சத்தம் போடாது. மறுநாள் சனிக்கிழமை காலை, பெண்கள் மண் மைக்கூடுகளில் பால் நிரப்பி, நாணல் பேனாவைத் தோய்த்து, வில்வ இலையில் தேவியின் பெயரை எழுதினார்கள். பிறகு விக்கிரகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு கும்மாளத்தோடு கங்கைக்குப் போனார்கள். தருதியும் தேவியைப் பிடித்துக்கொண்டு வண்டியில் போனார். பூ, வில்வம், மைக்கூட்டுப் பால் எல்லாவற்றையும் கூடைகளோடு மறந்துவிட்டுப் போனார்கள்.

பள்ளியில் மிஞ்சியவர் சமஸ்கிருத ஆசிரியை ஹேமப்ரபாதி. வயது ஐம்பத்தொன்பது, இரண்டு முழங்காலும் பழுது. பூஜையில் வைத்த நிர்மால்யத்தைக் குப்பையில் போடக்கூடாது, சாக்கடையில் விடக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. நீரில்தான் சேர்க்கவேண்டும். படித்துறை வரை அவரால் நடக்க முடியாது. மாடியிலேயே, மீன் நீந்த, செடி தழைக்க, இவ்வளவு சுத்தமான நீர் இருக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. பக்தியோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்பது மைக்கூட்டுப் பாலையும், ஒரு கூடைப் பூவையும் இலையையும் தொட்டியில் சேர்த்து, கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது நானும் இருந்தேன். விடைத்தாள் கட்டு வைக்கப் போயிருந்தேன். நாற்றம் முதலில் வந்தது. தண்ணீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் இருந்தது. மேலே சாமந்தியும் பலாசப் பூவும் அழுகி மிதந்தன. ஏழு மீனில் ஐந்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தன. தருதி கையை விட்டு ஒரு தண்டைப் பிடித்தார். இலைகள் கையோடு கழன்று வந்தன, குச்சி மட்டும் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தேர்வுக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்கி எண்ணினார். பத்து.

கேயாதி வந்து கத்தினார். "யாரு பண்ணது இது? எந்தப் பொண்ணு? பேரைச் சொல்லுங்க, ஹால் டிக்கெட்ட நிறுத்திடறேன்!"

"தெரியாது தீதிமணி," என்றார் தருதி.

தெரியும். அதற்குக் கால்மணி நேரம் முன்புதான் சுக்தேவ் தான் வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்ததை எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். தருதி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரிடயர் ஆக ஒரு வருசம் இருக்கு அந்தம்மாவுக்கு. பாத்தத கண்ணுக்குள்ளயே வெச்சுக்க, சுக்தேவ்."

பகல் முழுக்கத் தொட்டியை வாளி வாளியாக இறைத்தார். மணலைக் கழுவினார். மணலுக்குள் ஒரு மண் மைக்கூடு புதைந்து கிடந்தது, கூடையிலிருந்து நழுவியிருக்கவேண்டும். அதைத் தேய்த்துக் கழுவி ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தார். தண்டு தண்டாகப் பார்த்து, கெட்டது கழித்து, தேறியவை ஒன்பது கொழுந்து. ஒன்பதை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டுப் பெண்களுக்கு என்ன செய்வது?

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் முதலில் வந்து நின்றது என் மேஜைக்கு முன்னால்.

"குடுத்தத திருப்பிக் கேக்க வந்திருக்கேன் பாபு."

என் பாக்குத் தோப்பை வெளியே எடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. "காலு போனாலும் தல நல்லா இருக்கு," என்று நாலு தலையையும் கொய்தார். நான் ஒழுங்காக வெட்டி வளர்த்திருந்தால் இருபது கிடைத்திருக்கும். வெட்கத்தில் அவரோடு நானும் கிளம்பினேன். சுக்தேவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்று. டாக்டர் பட்டாசார்யா எங்களைப் பார்த்ததும் யாருக்கு ஜலதோஷம் என்று ஆரம்பித்துவிட்டார். அவரிடம் ஆறு, கூடவே எனக்கு ஒரு பொட்டலம் மாத்திரை. மொத்தம் இருபத்திரண்டு ஆயிற்று.

கடைசி நம்பிக்கை நகுல் மோதக்கின் மிட்டாய்க் கடை. ஜன்னல் தொட்டியைப் பார்த்து நாங்கள் இருவரும் நின்றுவிட்டோம். பள்ளித் தொட்டியையே பெயர்த்து வைத்ததுபோல் ஒரு புதர்.

"சொன்ன மாதிரியே வெட்டினேன் தருதி. நாலு வெரக்கட வந்ததும் நறுக்கு. ஜனங்க சந்தேஷ் வாங்க வர்றாங்களோ இல்லியோ, இதப் பாக்க வர்றாங்க," என்று நகுல் பூரித்தார்.

"எல்லாத் தலையும் எனக்கு வேணும் நகுல்."

அவர் முகம் தொங்கிவிட்டது. "என்ன தீதி இது, கல்யாண சீசன்! மொட்டத் தொட்டிய ஜன்னல்ல வெச்சா கட லட்சணமா இருக்குமா?"

"வெட்டினா என்ன ஆகும்னு சொல்லிக் குடுத்தேன்?"

நகுல் சற்றுநேரம் தராசுத் தட்டைத் துடைத்தார். "ரெண்டாகும்."

"அப்ப ஏன் அளுவற? பதினஞ்சு நாள்ல முன்ன இருந்ததவிட அடர்த்தியா நிக்கும். குமிழ் வரலேன்னா எந்தொட்டி போயிடும்டா."

பத்தொன்பது கொழுந்து கிடைத்தது. போகும்போது நகுல் ஒரு பொட்டலம் சந்தேஷும் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நாற்பத்தொன்று. மூன்று கூடுதல். புதுத் தண்ணீரில் விரல் இடைவெளியில் ஊன்றினார். காலை எட்டுக்கு ட்யூப்லைட்டைப் போட்டு மாலை நாலுக்கு அணைத்தார். அதற்குமேல் ஒரு நிமிஷம் எரியவிடவில்லை. அதிக வெளிச்சம் கொடுத்தால் வளர்ச்சி வராது, வழுக்குப்பாசிதான் படரும் என்றார். ஹேமப்ரபாதி அந்தப் பத்து நாளும் ஆய்வுக்கூடம் இருக்கும் பக்கம் வரவில்லை. அந்த முழங்காலோடு செங்குத்தான பின்மாடிப்படி வழியாகவே ஏறி இறங்கினார்.

தேர்வன்று வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மஃப்ளர், அதன்மேல் குரங்குக் குல்லாய், அதற்குள்ளிருந்து ஒரு தும்மலோடு நுழைந்தார். வந்ததும் முதல் வேலையாக எட்டு ஜன்னலின் பலகைக் கதவுகளையும் சாத்தச் சொன்னார். மேஜைக்கு மேஜை பல்பு இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. தருதி ஒவ்வொரு கொழுந்தையும் தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஒரே நறுக்கில் அடியை வெட்டி, பெண்களிடம் கொடுத்தார். புனல்கள் கவிழ்ந்தன. முதல் குமிழ்கள் கிளம்பின. மின்சாரம் போயிற்று.

பத்து நிமிஷம் ஆயிற்று. அரை இருட்டில் முப்பத்தெட்டுப் பெண்களும் குழாயை முறைத்துக்கொண்டிருந்தார்கள். குமிழ் நின்றுபோய்விட்டது. மௌபியா என்ற பெண் விசும்ப ஆரம்பித்தாள். செயலாளர் கதவருகில் வந்து எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தருதி போய் முதல் ஜன்னலைத் திறந்தார்.

"அய்யய்யோ, என்ன மாஷி பண்றீங்க? மூடுங்க! மாரு கட்டிக்கும் எனக்கு!" என்று பதறினார் தேர்வாளர்.

செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று தருதி சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியே அதுதான். தேர்வு அறையில் அவர் வாயால் அது வரக்கூடாது. "ஸ்பிரிட் வாட அடிக்குது சார்," என்றார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போட்டார். தேர்வாளர் இடது கையை நுழைத்தார். வலது கையை நுழைக்க இடம் தேடினார். குனிந்து தேடினார், திரும்பித் தேடினார். அவர் தேடி முடிப்பதற்குள் மிச்சம் ஏழு ஜன்னலும் திறந்துவிட்டன.

மேகத்து வெளிச்சம்தான். அது போதுமாயிருந்தது. முதலில் ஜன்னலோர மேஜையில், பிறகு வரிசை வரிசையாக உள்ளே. கடைசியாக மௌபியாவின் குழாயில் ஒரு குமிழ் தயங்கித் தயங்கி ஏறியது. அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தெட்டும் விட்டன. செயலாளர் படியிறங்கிப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

எல்லோரும் போனபின் தருதி பீக்கர்களிலிருந்த கொழுந்துகளைத் திரும்பத் தொட்டியில் ஊன்றினார். அப்புறம் ஜன்னல் மேடையிலிருந்த மண் மைக்கூட்டை எடுத்து நிமிர்த்தினார். தண்ணீர் நிரப்பி, மிஞ்சிய மூன்றில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அதில் வைத்தார். ஆசிரியைகள் அறைக்கு நடந்தார். மாணவர் வருகைப் பதிவேட்டோடு நானும் பின்னால் போனேன்.

ஹேமப்ரபாதி தனியாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தருதி மைக்கூட்டை அவர் முன்னால் வைத்தார். ஹேமப்ரபாதி அந்த மைக்கூட்டைப் பார்த்தார். பேனா பிடித்த கை நின்றுவிட்டது.

"இதுக்குத் தண்ணி மட்டும் போதும், தீதிமணி," என்றார் தருதி.

பிறகு எட்டிப் போய், பாதி சாத்தியிருந்த ஜன்னல் கதவை அந்த மேஜைவரை வெளிச்சம் விழும்படி தள்ளிவிட்டு, மணி அடிக்கக் கீழே இறங்கினார்.